நாளைக் காலைத் தலைப்பு

மனாசே வாசலில் உட்கார்ந்து, சுட்ட கறிப்பலாவின் கருகிய தோலைச் சுரண்டினான். அவர்கள் வீட்டில் அடுப்பு ஆண்களுடையது. தலைநகர் அபியாவிலிருந்து வேலை முடிந்து வந்திருந்த தங்கை லாங்கிக்குத் தேங்காய்ப்பால் ஊற்றி, தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

லாங்கி வானொலியில் காலைப் பேச்சு நிகழ்ச்சி நடத்துபவள். மீன் விலை, பள்ளிக்கூடம், கல்யாணச் செலவு என்று தினமும் ஒரு தலைப்பு வைப்பாள். நேயர்கள் ஃபோனில் சண்டை போடுவார்கள். நாளைய தலைப்பை இன்றே அறிவித்துவிட்டாள்: ஊர்ச்சபை ஒரு குடும்பத்தை ஊரைவிட்டே விலக்கலாமா?

மாலை ஜெபத்துக்கு வரவில்லை என்று போன வாரம் அப்படி ஒரு குடும்பத்தை விலக்கியது இவர்கள் ஊர்தான். அந்தச் சபையில் மனாசேயும் குடும்பத் தலைவன் என்ற பட்டம் சூடி உட்காருபவன். தங்கை பேசினால் தண்டனை அவன் தலையில் விழும், பட்டமே பறிபோகலாம். ஆனால் கூடப் பிறந்தவளை அதட்டுவதும் தடுப்பதும் சமோவாவில் அண்ணனுக்குக் கேவலம்.

“பால் போதுமா?” என்றான்.

“போதும்ணா. பயமா இருந்தா வாயைத் திறந்து சொல்லு. தீனி போட்டே கொல்லாதே.”

“நாளைக்கு மாம்பழத்தைப் பத்திப் பேசலாமே. ஜனங்க ரசிப்பாங்க.”

லாங்கிக்குச் சிரிப்பு வந்தது, நிற்கவில்லை.

“சரி, மாத்திடறேன். அந்தப் பிள்ளைகுட்டிகளைத் துரத்தினது நியாயம்னு நீ ஒரே ஒரு தடவை சொல்லிடு.”

மனாசே அவள் தட்டில் இன்னொரு துண்டை வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த கறிப்பலாவைச் சுரண்ட வெளியே போனான்.