கதவை மூடிக் கரி எரித்த பிட்மாஸ்டர்

1. முதல் நாள்

தினேஷின் ஏப்ரனில் ‘பிட்மாஸ்டர்’ என்று எழுதியிருந்தது. புகை அடுப்பில் கறி வாட்டுவதில் கைதேர்ந்தவர் என்று அர்த்தம். யாரும் கொடுத்த பட்டம் இல்லை. அவரே ஆர்டர் கொடுத்து அச்சடித்துக்கொண்டது. அதற்கு முன் பன்னிரண்டு வருடம் இன்சூரன்ஸ் விற்றவர்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலை, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் இருந்த அவருடைய உணவகத்தின் பின்சந்து முழுக்க வெள்ளைப் புகை. பக்கத்துப் பூக்கடை மாணிக்கம் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

“தினேஷு, என் மல்லிப்பூவெல்லாம் கருவாடு மாதிரி நாறுது! இதை எவன் லா சாமிக்கு வாங்குவான்?”

தினேஷ் சிரித்தபடி என்னிடம் திரும்பினார். “பாத்தீங்களாக்கா? இதான் ஸ்மோக். இதுக்குத்தான் கஸ்டமர் வராங்க.”

இப்போது அடுப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளையாகக் குமுறும் புகை வாசனை அல்ல, கோளாறு. நெருப்புக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். அந்தப் புகையில் வெந்த கோழியை அன்று தினேஷ் எனக்கு ருசி பார்க்கக் கொடுத்தார். தார் பூசிய செருப்பைக் கடித்த மாதிரி இருந்தது. முதல் நாள் என்பதால் “பரவாயில்லை” என்றேன். அதுதான் அங்கே நான் சொன்ன முதல் பொய்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் சாரதா. விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் பெரிய சமையல்கூடம் ஒன்றில் இருபத்துமூன்று வருடம் ஓவன் செக்‌ஷனில் இருந்தேன். ஐம்பத்தைந்து வயதில் விலகி, ஈசூன் வீட்டில் நான்கு மாதம் சும்மா இருந்து பார்த்தேன். முடியவில்லை. சூடு என்றால் எனக்குத் தெரியும் என்ற தலைக்கனத்தோடுதான் தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்கு, வேலைக்கு வந்தேன்.

2. பொய் சொல்லும் முள்

ஸ்மோக்கர் என்பது படுத்த நிலையில் ஓர் இரும்பு உருளை. இடது பக்கம் சற்றுத் தாழ்வாக ஓர் இரும்புப் பெட்டி. கரி எரிவது அதில். வலது கோடியில் புகைபோக்கி. இறைச்சிக்கு நேர் கீழே நெருப்பு இருக்காது. பெட்டியிலிருந்து கிளம்பும் சூடும் புகையும் இறைச்சியைத் தடவிக்கொண்டு போய்ப் புகைபோக்கி வழியாக வெளியே போக வேண்டும். பெட்டியில் காற்று உள்ளே வர ஒரு மூடி, புகைபோக்கியில் காற்று வெளியே போக ஒரு மூடி. அவ்வளவுதான் மெஷின். இதற்கு ஏப்ரன் தேவையில்லை.

ஆட்டுத் தோள்கறி நூற்றுப் பத்து, நூற்றிருபது டிகிரியில் ஆறு ஏழு மணி நேரம் வேக வேண்டும். தினேஷின் முறை வேறு. உருளையின் மேல்மூடியில் சூடு காட்டும் முள்ளைப் பார்ப்பார். குறைந்தால் கரியைக் கொட்டுவார். பற்றாத கரியை மொத்தமாகக் கொட்டினால் சூடு முதலில் இன்னும் இறங்கும். பயந்துபோய் மறுபடியும் கொட்டுவார். அரை மணி நேரம் கழித்து எல்லாம் சேர்ந்து பற்றிக்கொள்ளும். முள் நூற்றெண்பதுக்குப் போகும். உடனே மூடியைத் திறந்து விசிறுவார். அப்படியே போனை எடுத்து வீடியோவும் பிடிப்பார். ஒரு நாளைக்கு இரண்டு மூட்டைக் கரி போனது. கறி வெளியே கருகி உள்ளே ரப்பராக இருந்தது.

அந்த முள்ளைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். நூறு காட்ட வேண்டியது நூற்றுப் பதினெட்டு காட்டியது.

“முள்ளு பொய் சொல்லுது, தினேஷ்.”

“இம்போர்ட்டட் லாக்கா அது!”

இம்போர்ட்டட் என்றால் தண்ணீர் வேறு சூட்டில் கொதிக்குமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. ஓவனுக்குள் வைக்கும் சாதாரண தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, கறி இருக்கும் கம்பித்தட்டிலேயே வைத்தேன்.

கூட வேலை பார்த்த கதிரேசன் இல்லையென்றால் மற்றதை நான் கற்றிருக்க மாட்டேன். பட்டுக்கோட்டைக்காரர், நாற்பத்தொரு வயது, பன்னிரண்டு வருடமாக சிங்கப்பூரில் தந்தூரி அடுப்பில் நின்றவர். ஓவன்காரியான எனக்கு பட்டனைத் திருப்பித்தான் பழக்கம். கதிர்தான் கரியை வேறு டப்பாவில் கனிய வைத்து, நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு சின்னக் கரண்டி மட்டும் போடலாம் என்றார். சாம்பலை அப்போதைக்கப்போது தட்டிவிட்டார். சாம்பல் சேர்ந்தால் கீழே காற்று நுழையாது. இங்குள்ள ஈரப்பதத்தில் கரி ஊறிப்போய்விடும் என்று மூட்டையை அரிசி டின்னுக்குள் மாற்றினார். மேல்மூடியைத் திறக்கக் கூடாது என்பது நான் சேர்த்தது. புகைபோக்கி முழுக்கத் திறந்தே இருக்க வேண்டும், காற்று உள்ளே வரும் பக்கத்தை மட்டும் நூலளவு கூட்டிக் குறைக்க வேண்டும் என்பதை இரண்டு பேரும் சேர்ந்து, ஆறு கோழிகளைப் பாழாக்கிக் கண்டுபிடித்தோம்.

மூன்று வாரத்தில் இரண்டு மூட்டை முக்கால் மூட்டையானது. புகை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெலிந்து நீலமாகப் போனது. மாணிக்கம் கத்துவதை நிறுத்தினார். தினேஷ் வீடியோவில், “நானே கண்டுபிடிச்ச டெக்னிக்” என்று சொன்னார். கதிர் அதைப் பார்த்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டே சிரித்தார்.

எனக்கும் கொஞ்சம் தலை கனத்துவிட்டது. ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்: ‘கரி மிச்சமாகணுமா? காற்றைக் குறை.’

எந்தப் பக்கத்துக் காற்றை என்று எழுதவில்லை. எனக்கும் கதிருக்கும் தெரியும், அது போதாதா என்று நினைத்தேன். தினேஷுக்குப் புரிய வைக்க மெனக்கெடுவது நேர விரயம் என்றும் நினைத்தேன்.

3. மழை

ஒரு சனிக்கிழமை, புக்கிட் பாத்தோக்கில் ஒரு குடும்பம் பிறந்தநாள் விருந்துக்கு எழுபது பேருக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. மாலை ஆறு மணிக்குச் சாப்பாடு. காலை ஒன்பதுக்குக் கறியை ஏற்றினோம். ஒரு மணி வரை தெர்மாமீட்டர் நூற்றுப் பதினைந்தில் அசையாமல் நின்றது. ஒரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. பின்சந்தில் கணுக்கால் வரை தண்ணீர். இரும்பு குளிர்ந்து, சூடு தொண்ணூறுக்கு இறங்கியது.

“உள்ள தள்ளுங்க” என்றார் தினேஷ்.

பின்சந்தை ஒட்டி எங்களுடைய ஸ்டோர் ரூம். ஜன்னல் கிடையாது. ஓர் இரும்பு ஷட்டர் மட்டும்.

“கரியை உள்ள கொண்டுபோகக் கூடாது. மேல கேன்வாஸ் கட்டுவோம். இல்லைன்னா மீதியை கேஸ் ஓவன்ல முடிப்போம். இத்தனை நேரம் புகை பிடிச்சாச்சு, போதும்.”

“ஓவனா? ஸ்மோக்டு மட்டன்னு சொல்லி ஆர்டர் எடுத்திருக்கேன்க்கா. என் பேரு என்ன ஆகும்?”

“மூடின ரூம்ல கரி எரிஞ்சா ஆள் செத்துப்போவான். அந்த விஷக்காத்துல வாசனைகூட வராது.”

“ஷட்டரைப் பாதி தொறந்து வைக்கிறேன் லா. நீங்க போய் அங்க செட்டப்பைப் பாருங்க. இங்க நான் பாத்துக்கறேன்.”

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல. “என்னமோ பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இந்த முட்டாளோடு யார் வாதாடுவது என்று இருந்தது. அவரும் கதிரும் ஸ்மோக்கரை உள்ளே தள்ளுவதை ஓரக்கண்ணால் பார்த்தேன். கதிர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். முதலாளி சொல்லும்போது அவரால் மறுக்க முடியாது. என்னால் முடியும். ஆனாலும் நான் போய்விட்டேன்.

மாணிக்கத்திடம் ஒரு பாட்டம் தினேஷைத் திட்டினேன். அப்புறம் ஃபுட் கோர்ட்டில் தே ஓ, அதாவது பாலில்லாத டீ, குடித்தேன். முக்கால் மணி நேரம் கழித்து எம்ஆர்டி ரயில் நிலைய கேட்டில் கார்டைத் தட்டப் போனபோதுதான் மனசு கேட்கவில்லை. கதிருக்கு போன் போட்டேன்.

“என்ன கதிர், எப்படி இருக்கு?”

“சூடு… ஏறலக்கா.” வார்த்தை இழுத்தது. “தலை லேசா வலிக்குது. வேற ஒண்ணுமில்ல.”

“ஷட்டர் தொறந்திருக்கா?”

“சாரல் அடிக்குதுன்னு… பாஸு எறக்கிட்டாரு.”

“வெளிய வா! இப்பவே வெளிய வா!”

போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

என் வயதில் அப்படி ஓடியதில்லை. ஷட்டர் தரையிலிருந்து ஒரு சாண் உயரம்தான் திறந்திருந்தது. அந்த இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை வழிந்தது. மாணிக்கத்தைக் கூப்பிட்டேன். இருவருமாக ஷட்டரை மேலே தூக்கினோம். கதிர் அரிசி மூட்டைமேல் சாய்ந்து கிடந்தார். வாந்தி எடுத்திருந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தரதரவென்று மழைக்குள் இழுத்தோம். மாணிக்கம் ஆம்புலன்ஸ் எண் 995-க்கு போன் பண்ணினார்.

அப்போதுதான் ஸ்மோக்கரைப் பார்த்தேன். புகைபோக்கியின் மூடி இறுக்கிச் சாத்தியிருந்தது.

முன்கடையிலிருந்து தினேஷ் ஓடிவந்தார். “யாரு சிம்னியை மூடினது?” என்றேன்.

“நான்தான். சூடு வெளிய போகுதுல்ல? நீங்கதானேக்கா எழுதி ஒட்டியிருக்கீங்க, காத்தைக் குறைன்னு?”

என் எழுத்து. என் கெட்டிக்காரத்தனம். புகை போகும் வழியை அடைத்தால் நெருப்பு குமுறும். குமுறுகிற நெருப்புதான் விஷக்காற்றை அதிகம் கக்கும். ‘புகைபோக்கியை மூடாதே’ என்று இரண்டாவது வரி ஒன்று எழுத எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

4. ஆம்புலன்ஸ்

ஆம்புலன்ஸ் வருவதற்குள் கதிருக்குக் கொஞ்சம் நினைவு வந்தது. தினேஷ் என் காதருகே குனிந்தார்.

“அக்கா, சாப்பிடாம வேலை பாத்தான், மயங்கிட்டான்னு சொல்வோம். கடையை மூடிருவாங்கக்கா. ப்ளீஸ் லா.”

அவர் சொன்னதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. கதிர் சொன்னதுதான் ஆச்சரியம். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “அக்கா… வேணாங்க்கா. வொர்க் பெர்மிட்டு போயிரும். ஊருக்கு அனுப்பிருவாங்க” என்றார்.

ஆம்புலன்ஸில் வந்த மருத்துவ உதவியாளர் இளம் மலாய்ப் பெண். என்ன நடந்தது என்று என்னைக் கேட்டாள். மூடிய அறை, கரி நெருப்பு, முக்கால் மணி நேரம் என்று ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் முகம் மாறியது. உடனே ஆக்சிஜன் மாஸ்க்கை இறுக்கி மாட்டினாள். கதிர் கண்ணை மூடிக்கொண்டார். என் கையை விட்டுவிட்டார்.

நானும் ஆம்புலன்ஸில் ஏறினேன். தினேஷ் வரவில்லை, அவருக்கு எழுபது பேர் காத்திருந்தார்கள். மீதிக் கறியை அவரே கேஸ் ஓவனில் முடித்துக் கொண்டுபோனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஓவன்! விருந்து வீட்டுக்காரர்கள் புகை வாசனை பிரமாதம் என்றார்களாம். அதையும் அவர் வீடியோவாகப் போட்டார். அன்று இரவு ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புகூட வரவில்லை.

கதிரை மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அதிகாரிகள் வந்து ஸ்டோர் ரூமை அளந்தார்கள், எல்லோரிடமும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். சுவரில் ஒட்டிய தாளையும் நானே காட்டினேன். ஸ்மோக்கருக்குப் பூட்டு விழுந்தது. கடைக்கு விழவில்லை. எனக்கு வாட்ஸ்அப்பில் தினேஷிடமிருந்து ஒரு வரி வந்தது: ‘திங்கள் முதல் வர வேண்டாம்.’ கீழே கும்பிடும் கைகள் வேறு.

கதிர் தங்கியிருந்த இடத்துக்கு அவரைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு போனேன். அவர் வாங்கவில்லை.

“வேணாம்னு சொன்னேன்ல? எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குக்கா. உங்களுக்கு ஈசூன்ல வீடு இருக்கு. உண்மை பேசலாம்.”

பழத்தை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் சொன்னதில் தப்பில்லை.

5. போன் வந்தது

கதிரை ஊருக்கு அனுப்பவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறு ஓர் உணவகத்துக்கு மாற அனுமதி கிடைத்தது. அங்கிருந்து ஒரு மத்தியான நேரம் போன் பண்ணினார்.

“அக்கா, இங்க தந்தூரி ரூம்ல எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடல. சரி பண்ற வரைக்கும் அடுப்பு பத்த வைக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“மொறைச்சாங்க. நான் அங்கயே ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டேன். மத்தியானத்துக்குள்ள ஆள் வந்து மாட்டிட்டான்.” பிறகு பேச்சை மாற்றினார். “அன்னிக்கு டாக்டர் சொன்னாரு, என்ன விஷயம்னு மொதல்லயே தெரிஞ்சதாலதான் சீக்கிரம் தேறுனேன்னு. உங்க கிட்ட சொல்லணும்னு இருந்தேன். கோவத்துல சொல்லல.”

நான் மன்னிப்புக் கேட்டேன். உண்மையைச் சொன்னதற்காக அல்ல, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியதற்காக. “அது சரி” என்றார். மன்னித்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தினேஷ் இப்போது காப்பிக்கொட்டை வறுக்கும் மெஷின் வாங்கியிருப்பதாகக் கேள்வி. ஏப்ரனில் என்ன எழுதியிருக்கிறதோ!

அவரை இவ்வளவு கேலி செய்துவிட்டேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை கதிரை அந்த அறையில் விட்டுப் போனதில் என் கேலிக்கும் பங்கு உண்டு. ஒருவரை மட்டமாக நினைத்துவிட்டால் அவருக்கு முழுசாகச் சொல்லிக் கொடுக்கத் தோன்றாது. அவரோடு சண்டை போடவும் தோன்றாது. உதட்டைச் சுழித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். அதை நாம் கௌரவம் என்று நினைத்துக்கொள்கிறோம். அது சுத்தச் சோம்பேறித்தனம்.

கரியை மிச்சம் பிடிக்க ஆயிரம் வழி இருக்கிறது, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் சொல்வது வேறு. எரிகிற நெருப்பை மூடிய அறைக்குள் தள்ளச் சொல்லி ஒரு முதலாளி உத்தரவிட்டால், திட்டிவிட்டுக் கிளம்பாதீர்கள். கதவை மறித்துக்கொண்டு அங்கேயே நில்லுங்கள்.