மாமனார் படத்தின் கண்ணாடி

கார்டு வந்தபோது அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நான்கு மூலையிலும் கறுப்பு தடவியிருந்தது. தர்மபுரியிலிருந்து என் மூத்தார், அதாவது என் கணவரின் அண்ணன், தன் கையாலேயே எழுதியிருந்தார். "என் மனைவி மாதம்மாள் இறைவனடி சேர்ந்தாள். நம் வீட்டில் எந்தக் குறையும் இல்லாமல் வாழ்ந்தாள். வருகிற புதன்கிழமை கருமாதி." முதல் வரியைப் படித்ததும் அழுகை வந்தது. இரண்டாவது வரியைப் படித்ததும் நின்றுவிட்டது. அந்த இரண்டாவது வரிக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மாதம்மாள் அக்காவைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். புளி மண்டி வீட்டு மூத்த மருமகள் என்று தெரியும். உரக்கச் சிரிப்பாள் என்று தெரியும். சமையலறையில் சிரித்தால் மண்டி வரை கேட்கிறது என்று மூத்தார் கடிந்துகொண்டது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பதினோரு வருஷம் அவளோடு ஒரே அடுப்படியில் நின்றவள் நான். எனக்குத் தெரியும்.

எங்கள் மாமனார் இருந்தவரை அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அக்காவை மருமகளாகக் கொண்டுவந்து மூன்று வருஷம் ஆனதும், அவள் தங்கையையும் தன் சின்ன மகனுக்குக் கேட்டு இண்டூருக்கு ஆள் அனுப்பினார். அக்காவின் அம்மா அதற்குள் மகள் படும் பாட்டைக் கேள்விப்பட்டிருந்தார். வந்தவர்களை உட்காரக்கூடச் சொல்லாமல், "ஒன்னக் குடுத்துட்டு அழுவறதே போதுங்க. இன்னொன்னக் குடுக்க மாட்டனுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றோடு போக்குவரத்து அறுந்தது. மகள் அங்கே போகக் கூடாது, தாய் இங்கே வரக் கூடாது. அந்தச் சின்ன மகனுக்குத்தான் பிறகு என்னைக் கட்டிவைத்தார்கள். தன் தங்கைக்குக் கேட்ட இடத்தில் வந்து உட்கார்ந்தவள் என்று அக்கா என்னை வெறுத்திருக்கலாம். நான் வந்த முதல் நாளே என் தட்டில் சோற்றைப் போட்டு, "எந்தங்கச்சி தப்பிச்சா, நீ மாட்டிக்கிட்ட. சாப்புடு" என்று சிரித்தாள். மறு வருஷம் மாமனார் போய்ச் சேர்ந்தார். அவர் போட்ட தடையை மட்டும் மூத்தார் போகவிடவில்லை.

வீட்டில் ஒரு கார் இருந்தது. பென்னாகரத்துக்கு அப்பால் ஆற்றங்கரையில் எங்கள் குலதெய்வம். அமாவாசை தோறும் அந்தக் காரில் போவோம். என் கணவர் மண்டியைப் பார்த்துக்கொள்வார். முன்னால் டிரைவர் முனுசாமி, பக்கத்தில் மூத்தார். பின்னால் நானும் அக்காவும். பின்கதவுக் கண்ணாடிகளுக்குப் பச்சைத் துணியில் திரை போட்டு, கீழே ஆணி அடித்திருந்தார்கள். பின்பக்கத்துக் கண்ணாடிக்கும் அப்படியே. டிரைவர் பார்ப்பதற்காக உள்ள கண்ணாடியை மூத்தார் தன் பக்கம் திருப்பி வைத்திருப்பார். சாலையைப் பார்க்க அல்ல, எங்கள் கை திரையைத் தொடுகிறதா என்று பார்க்க. ஒன்றே ஒன்றை மட்டும் அவர்களால் மூட முடியவில்லை. பின்கதவுக்கும் பின்னால், சாய்ந்து உட்கார்ந்தால் தோளுக்கு நேராக வரும் சின்னக் கண்ணாடி. ஏறாது, இறங்காது, மரச் சட்டத்தில் பதித்தது. இரண்டு உள்ளங்கை அகலம் இருக்கும். திரைக் கம்பி மாட்ட அங்கே இடம் இல்லை.

போகும் வழியில்தான் இண்டூர். ஊர் எல்லையில் இடது கைப்பக்கம் ஒரு புளியமரம், அதை ஒட்டி ஓடைப் பள்ளம். உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் இல்லாமல், கரிப் புகையில் வண்டியை ஓட்டக் காருக்குப் பின்னால் கரி அடுப்பு கட்டியிருந்தோம். அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏற வண்டி மூச்சுத் திணறும். அமாவாசைக்கு அமாவாசை அக்காவின் அம்மா அந்த மரத்தடியில் வந்து நிற்பார். அக்கா இடது பக்கத்துச் சின்னக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துக்கொள்வாள். முனுசாமி தன்னால் முடிந்தவரை மெதுவாக ஏற்றுவான். பத்து மூச்சு விடும் நேரம் இருக்கும். தாய்க்கும் மகளுக்கும் இந்த உலகத்தில் கிடைத்த சந்திப்பு அவ்வளவுதான். திரும்பும்போது இருட்டிவிடும். மூத்தாருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த மரம் வந்ததும் மனிதர் வலது பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒரு நாள் புளி மூட்டை ஏற்ற வந்த மாட்டு வண்டியின் நுகத்தடி இடித்து அந்தக் கண்ணாடி நொறுங்கியது. மூத்தார் வண்டிக்காரனைத் திட்டவே இல்லை. மறுநாள் மண்ணெண்ணெய் டின்னை வெட்டி அந்த ஓட்டையை அடைத்து, மேலே கறுப்புப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார். பார்த்தவர்களிடமெல்லாம், "சண்ட நேரத்துல கண்ணாடிக்கு எங்கீங்க போறது? கெடச்சா உடனே போட்டுருவேன்" என்றார். அதே மாதம் தன் துணி பீரோவுக்கு ஆள் உயரக் கண்ணாடி வாங்கி மாட்டினார். அதற்குக் கிடைத்தது.

தகரம் வந்து மூன்று அமாவாசை போயிற்று. பென்னாகரம் பக்கத்து மலையிலிருந்து எங்களுக்குச் சாமை கொண்டுவரும் பெண் ஒருத்தி இண்டூர் வழியாகத்தான் இறங்கி வருவாள். அவள் கூடையை இறக்கிவிட்டு அக்காவிடம் மெதுவாகச் சொன்னாள். "உங்காத்தா கேக்கச் சொல்லுச்சுங்க. கண்ணாடிய அடச்சிட்டாங்களே, எம்பொண்ணு உசுரோட இருக்குதா, இல்ல செத்துத்தான் மூடிட்டாங்களான்னு கேக்குதுங்க. சோறே எறங்கலியாம்." அக்கா சாமையை முறத்தில் வாங்கிக்கொண்டாள். "இருக்கறேன்னு சொல்லு. அடுத்த அமாவாசைக்குப் பாக்கலாம்னு சொல்லு" என்றாள். அவள் போன பிறகு நான் கேட்டேன்.

"எப்பிடிங்கக்கா? கண்ணாடி?"

அக்கா கூடத்துச் சுவரைக் காட்டினாள். அங்கே மாமனார் இருந்தார். பெரிதாக்கி வண்ணம் தீட்டிய படம், தேக்குச் சட்டம், தடிமனான கண்ணாடி.

"அய்யோ, வேண்டாங்கக்கா. ஒரு வார்த்த கேட்டுப் பாக்கலாங்களே."

"கேட்டாக் குடுக்க மாட்டாங்க. கேக்காம எடுத்தாத் திருட்டும்பாங்க. திருடுனாக் கண்ணாடியாச்சும் கெடைக்கும்" என்றாள்.

அந்தப் படத்தை வாரத்தில் இரண்டு முறை துடைத்து மாலை போடுவது எங்கள் இருவர் வேலை. வீட்டு ஆண்கள் யாரும் அதைத் தொட்டதில்லை. தூரத்தில் நின்று கும்பிடுவார்கள். கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்பது துடைக்கிறவளுக்குத்தான் தெரியும். அக்கா நம்பியது அதைத்தான். மத்தியானம் ஆண்கள் மண்டியில் இருந்தபோது படத்தைக் கழற்றித் தரையில் கவிழ்த்தோம். அக்கா சட்டத்தை அழுத்திப் பிடித்தாள். பின்பக்கத்து ஆணிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கியது நான். கண்ணாடியை எடுத்துவிட்டுப் படத்தை மறுபடி மாட்டினோம். மாமனார் முன்பைவிடத் தெளிவாக முறைத்தார்.

அடுத்து அளவு. அக்கா கார் கொட்டகைக்குப் போய்த் தகரத்தின் மேல் பழைய செய்தித்தாளை விரித்து, ஓரத்தை அடுப்புக்கரியால் தேய்த்து அந்த வடிவத்தை எடுத்தாள். பின்மூலை மட்டும் வளைவாக இருக்கும். முனுசாமி அந்தக் காகிதத்தையும் கண்ணாடியையும் சாக்கில் சுற்றிக் கடைவீதிக்குப் போய், படத்துக்குச் சட்டம் போடுகிறவரிடம் வெட்டிக்கொண்டு வந்தான். மாட்டியது அக்கா. உள்பக்கத்து மரச் சட்டத்தின் திருகாணிகளைக் கழற்றித் தகரத்தை எடுத்தாள். கண்ணாடி உட்காரும் காடிப் பள்ளத்தில் ஒட்டியிருந்த பழைய ரப்பரையும் கண்ணாடித் தூளையும் ஒரு முள் விடாமல் சுரண்டினாள். சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் வெட்டி ஓரத்தில் சுற்றிப் பார்த்தாள். தடிமன் அதிகம், கண்ணாடி உள்ளே இறங்கவில்லை. டியூப் இல்லாமல் வைத்தால் கடகடவென்று ஆடியது. கடைசியில் தன் கம்பளியில் ஒரு ஓரத்தைக் கிழித்துச் சுற்றினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. சட்டத்தை வைத்துத் திருகிவிட்டு, வெளியே ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

மூத்தாரைச் சமாளித்தது முனுசாமிதான். மண்டி வாசலில் நாலு பேர் இருக்கும்போது போய், "உங்க நல்ல நேரங்க, பழைய வண்டியில கழட்டுன கண்ணாடி ஒன்னு கெடச்சுதுங்க, போட்டுட்டனுங்க" என்றான். கண்ணாடி கிடைக்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவர் என்ன செய்வார்? "நல்லது" என்றார். அந்த ஒரு வார்த்தை அவர் தொண்டையில் சிக்கிக்கொண்டு வந்த அழகை முனுசாமி வந்து நடித்துக் காட்டினான். அக்கா மண்டி வரை கேட்கும்படி சிரித்தாள். அந்த அமாவாசையில் அவள் அம்மா மரத்தடியை விட்டு ஓடைப் பள்ளத்துக்கே இறங்கி வந்து நின்றார். மகள் முகத்தைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா என் கையை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டாள்.

அப்படி நான்கு அமாவாசை. பிறகு மாமனாருக்குத் திதி வந்தது. நாங்கள் இருவரும் திதியை மறந்தே போனோம் என்றால் நம்புவீர்களா? மறக்கவில்லை. வடைக்கு ஊறப்போட்டதிலிருந்து வாழையிலை வரை எல்லாம் நினைவிருந்தது. திதியன்று மட்டும் மூத்த மகன் தன் கையால் படத்துக்குச் சந்தனம் வைப்பார் என்பதுதான் நினைவில்லை. மூத்தார் சந்தனத்தைக் குழைத்து, பயபக்தியோடு அப்பாவின் நெற்றியில் கட்டைவிரலை அழுத்தி இழுத்தார். வண்ணம் தீட்டிய காகிதம் ஈரத்தில் ஊறி, மாமனாரின் நெற்றி மகனின் விரலோடு வந்துவிட்டது. ஐயர் தலையைக் குனிந்துகொண்டார்.

"யார் பண்ணுனது?" என்று மூத்தார் கத்தினார். பூத்தட்டைப் பிடித்தபடி நான் நின்றேன். அடுப்படியிலிருந்து அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நாந்தானுங்க எடுத்தேன். நா ஒருத்திதான். பெரியவரு வூட்டுக்குள்ளதான இருக்காரு? அவருக்கு மழையா, வெயிலா? காருக்குப் போட்டேன். எங்காத்தா என்னப் பாக்கணும்."

எல்லார் முன்னாலும் அறைந்தார். அக்காவின் தோடு தெறித்து என் காலடியில் விழுந்தது. நான் குனிந்து தோட்டைப் பொறுக்கினேன். வாயைத் திறக்கவில்லை. என் கணவரும் அங்கேதான் நின்றார், அவரும் திறக்கவில்லை. அன்றே முனுசாமியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து படத்தில் வைத்துப் பார்த்தார் மூத்தார். வெட்டிய கண்ணாடி மாமனாரின் மார்பைக்கூட மூடவில்லை. ஆத்திரத்தில் வீசினார். அது புளிக் குவியலில் போய் விழுந்ததால் உடையவில்லை. அக்கா அதை எடுத்து, ஒட்டிய புளியைக் கழுவி, புடவையில் சுற்றித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

பழைய தகரம் திரும்பி வந்தது. சாமைக்காரியிடம் அக்கா சொல்லி அனுப்பினாள். "தகரத்துக்கு இந்தப் பக்கம் நாந்தான் இருக்கேன்னு சொல்லு. மரம் வந்ததும் தட்டுவேன்னு சொல்லு." பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் மோதிரத்தால் அந்தத் தகரத்தைத் தட்டினாள். வண்டிச் சத்தத்தில் வெளியே கேட்டிருக்காது. ஆனாலும் அந்தத் தாய் தகரத்தைப் பார்த்துக் கையசைத்ததாகச் சாமைக்காரி வந்து சொன்னாள். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படிப் போயிற்று. ஒரு காலையில் அம்மா இறந்த சேதி வந்தது. ஊர் வாய்க்குப் பயந்து மூத்தாரே அழைத்துப் போனார். அன்றைக்குத்தான் எங்கள் கார் இண்டூரில் முதல் முறையாக நின்றது.

அதன் பிறகு குடும்பம் பிரிந்து நாங்கள் சேலத்துக்கு வந்துவிட்டோம். கருமாதிக்குப் போனேன். கூடத்தில் மாமனார் படத்துக்குப் பக்கத்தில் அக்காவின் படம். புதுக் கண்ணாடி, நல்ல தடிமன். மூத்தார் அதற்குச் சந்தனம் வைத்தார். வழுக்கிக்கொண்டு போகிற கண்ணாடியில் எவ்வளவு நன்றாகச் சந்தனம் வைக்கிறார்! வந்தவர்களிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு கொறயும் வெக்கலீங்க" என்றார். தலையாட்டியவர்களில் உங்களில் பலர் இருந்தீர்கள். தலையாட்டும் முன் ஒரு நொடி யோசித்திருக்கலாம்.

பெட்டியைத் திறந்து அக்காவின் தங்கை புடவைகளை எடுத்துக்கொண்டாள். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். பழம்புடவையில் சுற்றிய அந்தக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி வந்தேன். ஓரத்தில் கம்பளி இழை இன்னும் ஒட்டியிருக்கிறது. என் மேசையில், இதை எழுதும் காகிதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மூத்தாரே, இதை நீங்கள் படிப்பீர்கள், அல்லது யாராவது படித்துச் சொல்வார்கள். உங்கள் அப்பாவின் படத்துக் கண்ணாடி என்னிடம் இருக்கிறது. ஆள் அனுப்பினாலும் தரமாட்டேன். இன்னொன்று. அன்றைக்கு "நா ஒருத்திதான்" என்று அக்கா சொன்னாளே, அது பொய். ஆணிகளைப் பிடுங்கியது நான்.