போத்தல் பைலட் என்று சொன்னவர்களுக்கு

புதன்கிழமை காலை பத்து மணியிருக்கும். கந்தோர் வாசலில் நின்றபடியே பியூன் பியதாச, "மாத்தயா, பைலட் மாத்தயா நெதி உனா" என்றான். பைலட் ஐயா செத்துப்போனார் என்று சிங்களத்தில் சொன்னான். நண்பன் இறந்த செய்தி கேட்டால் மனிதனுக்கு முதலில் அழுகை வரவேண்டும். எனக்கு வந்தது பொறாமை. செத்த பிறகும் இவனுக்குப் பைலட் பட்டம் போகவில்லையே என்றுதான் முதலில் நினைத்தேன். பதினைந்து வருடமாக அதே கந்தோரில் இருக்கும் என்னைப் பியதாச, 'வெள்ளவத்தை மாத்தயா' என்று குடியிருக்கும் இடத்தைச் சொல்லித்தான் கூப்பிடுகிறான். அழுகை பின்னேரம்தான் வந்தது.

சவரிமுத்துவை உங்களில் பலருக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் பிறந்து, கொட்டாஞ்சேனையிலேயே வாழ்ந்து, நெருப்புக் காய்ச்சலில் போனவன். நாற்பது வயது முடியவில்லை. கொச்சிக்கடையில் எங்கள் கப்பற் கம்பனிக் கந்தோரில் அவனுக்கும் எனக்கும் எதிரெதிர் மேசை. நல்ல உயரம், நல்ல மீசை, துரைமாரோடு நாக்குக் குழறாமல் பேசும் இங்கிலீசு. காற்சட்டை போட்டாலும் பொருந்தும், வேட்டி கட்டினாலும் பொருந்தும். எனக்கு இரண்டும் பொருந்தாது. இவை ஒவ்வொன்றுக்கும் நான் தனித்தனியாகப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அஞ்சலியில் இதையெல்லாம் எழுதுவதா என்று கேட்பீர்கள். இதை எழுதாமல் மற்றதை எழுத முடியாது.

அடக்கம் முடிந்து திரும்பும்போது எனக்கு முன்னால் நடந்த இருவரின் பேச்சு காதில் விழுந்தது. "ஆர், அந்தப் போத்தல் பைலட்டோ?" என்றார் ஒருவர். "ஓம் ஓம், அவர்தான்" என்றார் மற்றவர். அவன் மனைவி திரேசம்மாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். வீட்டு வாசலில் என்னை நிறுத்தினார். "அண்ணை, நீங்கள்தானே அந்த நேரம் அவரோட கூட இருந்தனீங்கள். என்ன நடந்ததெண்டு பேப்பரில எழுதுங்கோ. என்ர பிள்ளைகள் இந்தப் பேரோட வளரக் கூடாது." எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வெள்ளவத்தைக்கு பஸ் ஏறி இருந்த பிறகுதான் என்ன வாக்குக் கொடுத்தேன் என்று எனக்கே விளங்கியது.

உலக யுத்தத்துக்கு முன்னர், இரத்மலானையில் விமானத் தளம் வந்த புதிதில், அங்கே ஒரு பறப்புக் கழகம் இருந்தது. தோட்டத் துரைமாரின் பிள்ளைகளும் கொள்ளுப்பிட்டிப் பணக்காரரும் விமானம் ஓட்டப் பழகிய இடம். இலங்கையர் சிலரையும் சலுகையில் சேர்ப்பதென்று கழகம் முடிவெடுத்தபோது, அதன் குழுவில் இருந்த எங்கள் பெரிய துரை கந்தோரிலிருந்து இரண்டு பேரை அனுப்பினார். ஒருவன் சவரிமுத்து, மற்றவன் நான். பழக்கியவர் ஒரு வெள்ளைக்காரர். கப்டன் என்றுதான் எல்லோரும் அழைப்போம். ஒவ்வொருவரும் பறந்த நேரத்தை அவரவர் லொக் புத்தகத்தில் எழுதிக் கப்டன் கையெழுத்து வைப்பார். குறித்த அளவு மணித்தியாலம் சேர்ந்தால்தான் லைசென்சுக்கு விண்ணப்பிக்கலாம்.

என் முதற்பறப்பு இரயில் பாதையைத் தாண்டவில்லை. அது மேல்மூடி இல்லாத விமானம். வாந்தி எடுத்தேன். காற்று நான் கொடுத்ததை அப்படியே எனக்குத் திருப்பித் தந்தது. இறங்கியபோது புற்றரையில் மாடு விரட்டுகிறவன்கூட முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். கப்டன் என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய், இப்படிக் கஷ்டப்பட வேண்டாம், ஒரு போத்தல் விஸ்கி கொண்டுவந்தால் மூன்று மணித்தியாலம் எழுதித் தருகிறேன் என்றார். அது எனக்கு மட்டும் காட்டிய இரக்கம் அல்ல என்பது பிறகு தெரிந்தது. அங்கே பழகியவர்களில் பாதிப்பேர் கதிரையில் இருந்தபடியே பறந்தவர்கள். சைவப்பழமான நான், போத்தலைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு, கோயில் வாசலைக் கடக்கப் பயந்து பின் ஒழுங்கையால் சுற்றிப்போய் பஸ் ஏறினேன். நான்கு முறை போனேன். பன்னிரண்டு மணித்தியாலம் சேர்ந்தது.

சவரிமுத்து ஞாயிறு காலைப் பூசை முடிந்த கையோடு கொட்டாஞ்சேனையிலிருந்து இரத்மலானைக்குச் சைக்கிள் மிதிப்பான். வெயிலோ மழையோ, தன் முறை வரும்வரை விமானத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பான். நான் வேலியோரம் கச்சான் தின்றபடி அவன் மேலே போவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். என் லொக் புத்தகத்தை ஒருநாள் அவனுக்குக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், மேல போனாப் பிறகு கப்டன்ர கையெழுத்து உன்னைத் தாங்காது" என்றான்.

"எல்லாரும்தானே செய்யினம்?" என்றேன்.

"அப்ப எல்லாரோடையும் சேர்ந்து விழு" என்று சொல்லிச் சிரித்தான். அதை அவன் வேறு ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு அவன்மேல் கோபப்பட ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

அவன் முதன்முதல் தனியாகப் பறந்த ஞாயிறு, என்னை இரத்மலானைக்கு வரவேண்டாம் என்றான். "பதினொரு மணிக்கு உங்கட கடற்கரையில நில்லு. சிறகை ஆட்டிக் காட்டுறன்." வெள்ளவத்தையில் நாங்கள் ஐந்து கிளாக்கர்மார் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்ட சமறி வீட்டில் நான் அந்தக் கதையைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். ஐந்து பேரும் கடற்கரைக்குப் போனோம். தென்னைகளுக்கு மேலாக அவன் வந்தான். சிறகை இடமும் வலமும் ஆட்டினான். உடுப்புக் காயப்போட்ட பெண்கள் கையசைத்தார்கள். ஸ்டேஷனில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்கள். சமறியில் மூத்தவரான கந்தசாமி அண்ணை, "எங்கட பெடியன்! எங்கட பெடியன்!" என்று குதித்தார். அவனை அவர் இரண்டு முறைதான் கண்டிருப்பார். பிறகு, மணித்தியாலக் கணக்கைச் சமறியில் பீற்றித் திரிந்த என்னைத் திரும்பிப் பார்த்து, "சிவம், உம்மட பன்னிரண்டு மணித்தியாலத்தில ஒருக்காலெண்டாலும் இந்தப் பக்கம் வந்தனீரோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த நாள் கந்தோரில் பெரிய துரை எல்லோருக்கும் கேட்க ஒரு செய்தி சொன்னார். சென்னைக்குத் தபால் கொண்டுபோகும் விமானத்துக்கு இலங்கையர் ஒருவரை உதவி விமானியாக எடுக்கப் போகிறார்கள். சவரிமுத்துவுக்கு லைசென்ஸ் கிடைத்ததும் தானே கடிதம் கொடுப்பதாகச் சொன்னார். சவரிமுத்து எழுந்து நின்று, "தாங்க் யூ, சேர்" என்றான். கண் கலங்கியிருந்தது. அவ்வளவு உயரமான ஆள் கண் கலங்கினால் அதுகூட அழகாகத்தான் இருந்தது.

எங்கள் ஆட்களில் ஒருவன் முன்னுக்கு வந்தால் மாலை வருகிறதோ இல்லையோ, பெட்டிசம் வரும். ஊர் பெயர் தெரியாத ஒரு நலன்விரும்பி மேலிடத்துக்கு எழுதிப்போடுவார். அந்த வாரம் அந்த நலன்விரும்பி நான். இந்த மனிதன் பறக்கவே இல்லை, விஸ்கி கொடுத்து மணித்தியாலம் வாங்கினான், இவன் ஒரு போத்தல் பைலட் என்று விமானத் தளத்து அதிகாரிக்கு இங்கிலீசில் எழுதினேன். நான் செய்த அத்தனையையும் அவன் பெயரில் எழுதினேன். கையெழுத்துத் தெரியக்கூடாதென்று இடக்கையால், பெரிய எழுத்தில் எழுதினேன். ஆம், கொட்டாஞ்சேனையில் இன்றைக்கும் உலாவுகிற அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான்தான்.

ஒரு வாரம் கழித்து அவனை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மறுநாள் மதியம், துறைமுக ஜெட்டிப் பக்கம் நிழலில் இருந்து சாப்பிடும்போது அவனே கதையைச் சொன்னான்.

"பெட்டிசமொண்டு போயிருக்கு மச்சான். விசாரிச்ச துரை என்ர மூஞ்சிக்கு நேரே பிடிச்சுக் காட்டினார்."

"ஆர் போட்டதாம்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பேர் இல்லை. ஆனா தாளின்ர தலையில ஒரு சின்னச் சுழி. கீழ ரெண்டு கோடு, ஒரு புள்ளி. இதென்ன மார்க் எண்டு துரை கேட்டார்."

கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. தாளைத் தொட்டால் பிள்ளையார் சுழி போடாமல் ஓர் எழுத்தும் எழுதாத வீட்டில் வளர்ந்தவன் நான். கீழே இரண்டு கோடும் ஒரு புள்ளியும் என் தகப்பனார் போடும் முறை. கந்தோர்த் தாளிலும் மூலையில் சின்னதாகப் போட்டுவிட்டுத்தான் தொடங்குவேன். "உன்ர பிள்ளையார் எல்லாக் கப்பலிலையும் ஏறுறார்" என்று சவரிமுத்து எதிர் மேசையிலிருந்து எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறான். பெட்டிசத்துக்கும் வலக்கை தன் பாட்டில் சுழியைப் போட்டிருக்கிறது. அதற்குப் பிறகுதான் பேனாவை இடக்கைக்கு மாற்றியிருக்கிறேன்.

"நீ என்ன சொன்னனீ?" என்றேன்.

"பேனை எழுதுதோ எண்டு கீறிப் பார்த்திருப்பினம், சேர், எண்டு சொன்னன்." சாப்பாட்டுப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினான். "அந்தக் கத்தரிக்காயை எடு. மீன் சட்டியில வைக்கேல்லை எண்டு திரேசா சொல்லச் சொன்னவள்."

கழகத்தில் தோண்டத் தோண்டப் போத்தல்கள் வந்தன. கப்டன் உடம்பு சரியில்லை என்று கப்பலேறிவிட்டார். அவர் கையெழுத்து உள்ள லொக் புத்தகம் அத்தனையும் ரத்து என்றார்கள். சவரிமுத்து பறந்த மணித்தியாலங்களும் அதே கையெழுத்தின் கீழ்தான் இருந்தன. துரைமாரின் பிள்ளைகள் சீமைக்குப் போய்ப் புதிதாகப் பழகிக்கொண்டார்கள். இலங்கையருக்கான சலுகையை நிறுத்தினார்கள். பிறகு யுத்தம் வந்து விமானத் தளம் பட்டாளத்தின் கைக்குப் போனது. தபால் விமானத்துக்கு வேறு யாரையோ எடுத்தார்கள். சவரிமுத்து எதிர் மேசையிலேயே இருந்தான். என் போத்தல்களைப் பற்றி விசாரணையில் அவன் ஒரு சொல் சொல்லவில்லை. வாந்தி காரணமாக நான் முன்பே விலகிவிட்டதாகச் சொன்னானாம்.

அந்த மாதத்திலிருந்து ஒன்று தொடங்கியது. அவன் கத்தோலிக்கன்; எந்தத் துண்டில் எழுதினாலும் மேலே சின்னதாகச் சிலுவை போடுவான். மற்றவர்களுக்கு எப்போதும்போலச் சிலுவைதான். எனக்கு எழுதும் துண்டில் மட்டும் சிலுவைக்குப் பதிலாகச் சுழி வந்தது. கீழே இரண்டு கோடு, ஒரு புள்ளி. 'கப்பல் வந்துவிட்டது, ஜெட்டிக்கு வா' என்று கீழே இருக்கும். 'மகள் பிறந்திருக்கிறாள்' என்று ஒருமுறை இருந்தது. தலைமைக் கிளாக்கர் வேலைக்கு என்னைப் பற்றிப் பெரிய துரை அவனிடம் கேட்டபோதும் ஒரு துண்டு வந்தது: 'நல்லாய்த்தான் சொன்னேன். பயப்படாதே.' வேலை எனக்குக் கிடைத்தது. பெட்டிசம் எழுத அவனுக்கும் இரண்டு கை இருந்தன. இத்தனை வருடத்தில் அந்தச் சுழியைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அது தண்டனையா மன்னிப்பா என்று கேட்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை. அவனிடத்தில் நான் இருந்திருந்தால் ஒரு கிழமை தாங்கியிருக்க மாட்டேன். மீசைக்குப் பட்ட பொறாமை, இங்கிலீசுக்குப் பட்ட பொறாமை எல்லாம் வயதோடு குறைந்துவிட்டன. இந்தப் பொறாமை குறையவில்லை.

கடைசித் துண்டு போன வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. 'காய்ச்சல் கொஞ்சம் விட்டிருக்கிறது. ஞாயிறு வந்து போ. நான் எழும்பினதும் இரத்மலானைக்குப் போய்ப் பெரிய விமானங்கள் பார்ப்போம்.' மேலே சுழி இல்லை. சிலுவை இருந்தது. கை நடுங்கிப் போட்ட சிலுவை. இவ்வளவு காலம் பொத்தி வைத்ததை இப்போது நேரில் பேசப் போகிறான் என்று பயந்தேன். வெள்ளவத்தையில் ஒரு கல்யாணவீடு இருக்கிறது என்று சொல்லியனுப்பிவிட்டுப் போகாமல் இருந்தேன். கல்யாணவீடு ஒன்றும் இருக்கவில்லை. புதன்கிழமை பியதாச வந்து சொன்னான்.

திரேசம்மா அவன் லொக் புத்தகத்தை எனக்குக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் குறுக்கே கோடு இழுத்திருக்கிறார்கள். அந்தக் கோடுகளின் கீழே உள்ள ஒவ்வொரு நிமிடமும் அவன் பறந்தது. வேலியோரம் நின்று பார்த்தவன் சொல்கிறேன். போத்தல் பைலட் என்று இனி யாராவது சொன்னால், அந்தப் பெயருக்கு உரியவன் வெள்ளவத்தையில் உயிரோடு இருக்கிறான், அவனிடம் போய்ச் சொல்லுங்கள்.

அவன் எழுதிய துண்டுகள் ஒரு பிஸ்கற் டின் நிறைய என்னிடம் இருக்கின்றன. அவனுடையது என்று எனக்கு மிஞ்சியது அவைதான். மேலே எல்லாம் சுழி. ஒன்றில் மட்டும் சிலுவை. இதை எழுத உட்கார்ந்தபோதும் வலக்கை வழக்கம்போலத் தாளின் தலையில் சுழியைப் போட்டது. கீழே இரண்டு கோடு, ஒரு புள்ளி. இந்த முறை பேனாவை மாற்றவில்லை. பெயரையும் அதே கையால் எழுதுகிறேன்.

க. சிவக்கொழுந்து,
வெள்ளவத்தை.