கொள்ளு தின்று ஏறிய மலை

என் அரிசி மண்டியின் பின்கதவைத் திறந்தால் மலை தெரியும். அதற்கு மேலேதான் என் ஒரே தங்கையைக் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்குப் போடிமெட்டைத் தாண்டி ஏலக்காய்த் தோட்டம். அந்தக் காலத்தில் ரோடு ஏது? மலையடிவாரத்து முந்தலில் தொடங்கும் ஒற்றையடிப் பாதைதான் வழி. அதில் பொதிமாடு ஏறும், கழுதை ஏறும், தலைச்சுமைக்காரர்கள் ஏறுவார்கள். என் மண்டி அரிசி வாரத்துக்கு இரண்டு தடவை ஏறும். நான் மட்டும் ஏற முடியாது. ஏனென்றால் அப்போது நான் பதினோரு மணங்கு இருந்தேன்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மண்டித் தராசில் ஒரு தட்டில் நான் உட்கார்ந்து, மறு தட்டில் எடைக்கல் வைத்து நிறுத்துப் பார்த்த உண்மை. ஒன்றரை மூட்டை அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை போட்ட ஆட்கள் சிரிப்பை அடக்க முடியாமல் மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றார்கள். எனக்குத் தெரியாதா? “சிரிச்சுத் தொலைங்கடா” என்று நானே கத்தினேன்.

தங்கைக்கும் எனக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அவளுக்கு மூன்று வயதாகும்போது எங்கள் ஆத்தா போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு என் மடிதான். சாப்பிட்ட வாயோடு ஓடிவந்து மடியில் ஏறி, என் தொந்தியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப் போவாள். எழுப்ப மனசு வராமல், கால் மரத்துப் போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பேன். அவள் கட்டிப் போன பிறகு, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் மடி வெறிச்சோடிக் கிடக்கும். முப்பது வயது ஆம்பிளை, இதைப் போய் யாரிடம் சொல்வது? இத்தனை வருடம் கழித்து இதைச் சொல்லும்போது அவளும் உயிரோடு இல்லை. கதவைத் திறந்தால் மலை மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

அவள் கல்யாணமாகி மலைக்குப் போன வருடமே மாமியார் கைகால் விழுந்து படுக்கையாகிவிட்டார். அந்த அம்மாளை விட்டுவிட்டு ஒரு நாள்கூட அவளால் இறங்கிவர முடியவில்லை. மண்டி அரிசியை ஏற்றிப் போகும் பொதிமாட்டுக்காரன்தான் எங்களுக்குத் தபால். என்னைவிடப் பத்து வயது இளையவன். வாய் மட்டும் ஊரளவு.

அவளுக்குப் பெண் பிறந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்துவதென்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தோடும் அவன் கொண்டுபோக வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி மலையிலேயே இருந்ததால் காதுகுத்தும் அங்கேதான். பிள்ளைக்கு ஒரு வயதானதும் டோலி கட்டச் சொல்லிக் கிளம்பினேன். எட்டுப் பேர் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். இரண்டாவது வளைவில் இறக்கி வைத்துவிட்டார்கள்.

“மொதலாளி, கோவிச்சுக்கிறாதீக. அரிசி மூடையின்னா போட்ட எடத்துல கெடக்கும். நீங்க பயந்து பயந்து பெரளுறீக. ஒங்களோட சேந்து நாங்களும் பள்ளத்துல விழுகணும்” என்றான் முன்னால் தூக்கியவன்.

சீர்த்தட்டோடு திரும்பி வந்தேன். மேலே மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்களாம். மாமன் மடிக்கு எங்கே போவது, சித்தப்பன் மடியில் வைத்துக் குத்திவிடுவோம் என்றார்களாம். என் தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடுவீட்டில் நின்று, “எங்கண்ணன் ஏறி வருவாரு. அவரு மடியிலதான் எம்புள்ள காதுல ஊசி ஏறும்” என்று சொல்லிவிட்டாள். சொன்னவள் மேலே இருந்தாள். ஏற வேண்டியவன் கீழே சோறு தின்றுகொண்டிருந்தேன்.

வருடம் நான்கு போயிற்று. பிள்ளை மூளிக் காதோடு அலைந்தது. ஒரு பங்குனி மாதம் பொதிமாட்டுக்காரன் சிரிக்காமல் வந்து நின்றான். வருகிற தையில் குத்தியே தீருவது, மாமன் வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். தங்கை சொல்லியனுப்பியதை அப்படியே ஒப்பித்தான்: “அண்ணே, இந்தத் தையிக்கும் நீ வரலேன்னா நான் இந்த வீட்டுல தல நிமிந்து நடக்க முடியாதுண்ணே.”

அன்றைக்கே சோற்றை விட்டேன். சோற்றை மட்டுமா, எல்லாவற்றையும் விட்டேன். காலையில் கஞ்சித் தண்ணீர், மாலையில் கஞ்சித் தண்ணீர். ஒரு மாதத்தில் தராசில் ஒன்றரை மணங்கு இறங்கிவிட்டது. தலைகால் புரியவில்லை எனக்கு. தை வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பொதிமாடுகளோடு நடந்தே கிளம்பினேன். மூன்றாவது வளைவில் கண் இருட்டியது. தொடை இரண்டும் வெடவெடவென்று ஆடின. என் மண்டி மூட்டை ஒன்றை இறக்கிப் போட்டு, அதன் மேலேயே என்னைச் சாய்த்து வைத்தான் பொதிமாட்டுக்காரன்.

“என்ன மொதலாளி தின்னீக?”

சொன்னேன்.

“கெட்டது குடி! நானும் மாட்டுக்கு வகுறு பெருத்துட்டா வைக்கலைக் கொறைப்பேன். கொள்ளைக் கொறைப்பனா? கொள்ளையும் கொறச்சா அது எந்தக் கால வச்சு மலை ஏறும்? வைக்கலு வகுத்துக்கு, கொள்ளு காலுக்கு. நீங்க ரெண்டையும்ல நிறுத்தியிருக்கீக!”

கோபம் வந்தது. ஓங்கி ஒன்று விடலாம் என்றால் கை தூக்க முடியவில்லை. மாட்டின் திமிலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தேன். வழியெல்லாம் அவன் சொன்னதுதான் காதில் கிடந்தது. நானும் சதையைக் குறைக்கிறேன் என்று காலையல்லவா குறைத்திருக்கிறேன்!

வீட்டில் வந்து சொன்னதும் என் வீட்டுக்காரி, “இதுக்கு மாடு மேய்க்கிறவன் வரணுமாக்கும்? இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு ஊரே சொல்லுது” என்று நொடித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஆனால் மறுநாளிலிருந்து அவள்தான் நின்று செய்தாள். காலையில் அவித்த கொள்ளு ஒரு கிண்ணம், உப்பும் மிளகும் தூவி. மத்தியானம் ஒரு கை சோறு. ஒரே ஒரு கை. அதோடு மொச்சை, இல்லையென்றால் தேங்காய் சேர்க்காத அயிரை மீன் குழம்பு, இல்லையென்றால் கொழுப்பையெல்லாம் வெட்டியெறிந்துவிட்டு மிளகு தட்டிப் போட்டு வேகவைத்த ஆட்டுக்கறி. சாயங்காலம் அவித்த முட்டை இரண்டு, வெண்ணெய் எடுத்த மோர் ஒரு செம்பு. நெய், வெல்லம், முறுக்கு, அதிரசம் எதுவும் என் கண்ணில் படாமல் பானையை உயரத்தில் கட்டினாள். கொள்ளு தின்றால் என்ன ஆகும் என்பது தின்றவனுக்குத் தெரியும். பக்கத்தில் படுத்தவளுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். அதையும் பொறுத்துக்கொண்டாள், மகராசி.

ஆனாலும் அவளுக்கு ஒரே ஒரு குறை. “அரிசி விக்கிற வீட்டுல சோறு திங்காத மொதலாளி! புருசனப் பட்டினி போட்டுட்டாளாம்னு ஊரு என்னையில்ல ஏசுது” என்று மூக்கைச் சிந்துவாள்.

வயிறு நிறைந்துதான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஏங்கியது நாக்கு. தினமும் மண்டியில் அரிசிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறவன் நான். புது அரிசி வந்து இறங்கிய அன்று அந்த வாசனையில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றேன். தங்கை நினைப்பு வந்தது. வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து, ஒன்றுமில்லாததற்கு எடை போடுகிறவனைப் பிடித்து ஏசினேன். அந்தப் பத்து மாதமும் என்னிடம் ஏச்சு வாங்காதவர் மண்டியில் ஒருவரும் இல்லை.

விடிந்ததும் முந்தல் வரை நடப்பேன். ஆடியில் முதல் வளைவு, புரட்டாசியில் இரண்டாவது. நான் விழுந்து கிடந்த மூன்றாவது வளைவைக் கார்த்திகையில் தாண்டினேன். தொடை ஆடவில்லை. மார்கழியில் தராசு ஆறு மணங்கு காட்டியது. வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. ஒருவரும் சிரிக்கவில்லை. எடை போடுகிறவன் மட்டும், “மொதலாளி, கன்னம் ஒட்டிப் போச்சு” என்றான், பாவம்.

இதில் எதையும் தங்கையிடம் சொல்லக் கூடாது என்று பொதிமாட்டுக்காரனிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். இரண்டு தடவை தோற்றவன், மூன்றாவது தடவையும் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லியனுப்ப எனக்கு வெட்கமாக இருந்தது.

“சொன்னாத்தான் என்ன? தங்கச்சி சந்தோசப்படுவாகள்ல” என்றான்.

“மூடுறா வாய. ஏறுனதுக்குப் பெறகு அவளே பாத்துக்கிறட்டும்” என்றேன். என் வாழ்நாளில் நான் செய்த முட்டாள்தனங்களில் அது முதல் வரிசை.

தை பிறந்தது. இடுப்பில் தோட்டை முடிந்துகொண்டு, சீர்ச் சாமான்களை மாட்டின் மேல் ஏற்றி, தலையில் குளிருக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஏறினேன். போடிமெட்டில் நின்று திரும்பிப் பார்த்தபோது ஊர் கையகலம் தெரிந்தது. ஆறு வருடமாகக் கீழேயிருந்து இந்த இடத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தேன். அழுகை வந்தது. அழுதேன். பொதிமாட்டுக்காரன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவதுபோல் நகர்ந்துகொண்டான்.

மத்தியானம் சாயும்போது வீட்டை அடைந்தோம். முற்றத்தில் தங்கை நின்றிருந்தாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை. தங்கை என்னைப் பார்த்தாள். என்னைத் தாண்டிப் பாதையைப் பார்த்தாள். பிறகு பொதிமாட்டுக்காரனிடம் கேட்டாள்:

“அண்ணே, எங்கண்ணன் எங்க? பின்னால வர்றாகளா? இல்ல, இந்தத் தடவையும் எறக்கி வச்சுட்டாகளா?”

அந்த வாயாடி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான்தான், “தாயி” என்றேன். நான் அவளை அப்படித்தான் கூப்பிடுவேன்.

குரலைக் கேட்டு ஓடிவந்தவள் ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டாள். என் தோளைத் தொட்டாள். விலாவைத் தொட்டாள். “ஆத்தாடி! எங்கண்ணன யாரு தின்னது?” என்று அலறிவிட்டு உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

“உனக்காகத்தான் தாயி” என்றேன்.

“நான் ஏறி வரச் சொன்னேன். பாதியாகி வரச் சொன்னனா?” என்றாள்.

அன்றைக்கு அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டேன். இலை நிறைய, நெய் ஊற்றி. சாப்பிட்டு முடித்ததும் பழக்கத்தில் நான் மடியை விரித்து உட்கார்ந்தேன். அவளும் பழக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். பிறகு இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் குலசாமி முன்னால் ஆசாரி ஊசியோடு உட்கார்ந்தார். மாப்பிள்ளை வீட்டார் சுற்றி நின்றார்கள். நான் மடி விரித்து உட்கார்ந்ததும் பிள்ளை ஒரே பிடியாக நின்றது.

“இது எங்க மாமா இல்ல. எங்க மாமா பெரிய மாமா. அம்மா அவுக வகுத்துல தல வச்சுத் தூங்குவாக. இவுக வேற யாரோ!”

எல்லாரும் சிரித்தார்கள். தூக்கி வைத்தால் நெளிந்து இறங்கியது. “எலும்பு குத்துது” என்று கத்தியது. மாப்பிள்ளையின் தம்பி, “குடுங்க, நான் வச்சுக்கிறேன்” என்று கையை நீட்டினார். பத்து மாதமாக எதற்குப் பயந்தேனோ அந்தக் கை அது.

அப்போது என் தங்கை ஒன்று செய்தாள். புகுந்த வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். முன்பு தொந்தி இருந்த இடத்தில் இப்போது விலா எலும்புதான் இருந்தது. அதன் மேல்தான் சாய்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு மெதுவாக வந்து மடியில் ஏறியது. ஆசாரி இரண்டு காதையும் குத்தி, நான் கொண்டுபோன தோட்டைப் போட்டார். வீறிட்டு அழுதது. அழுது அழுது என் நெஞ்சிலேயே ஓய்ந்தது.

ஓய்ந்த பிறகு, அம்மா பக்கம் திரும்பி மெல்லிய குரலில் கேட்டது:

“அம்மா, பெரிய மாமா எப்பம்மா வருவாக?”

“வருவாகடி” என்றாள் தங்கை. சாய்த்த தலையை அவள் எடுக்கவில்லை.