மாடி வீட்டு அமெரிக்கர்களின் வாக்குவாதம்

இன்று காலை என் டீக்கடையில் இருந்தவர்கள்: நான், என் மகன் சேகர், பந்தல் போடும் பஷீர் பாய், மாடியில் குடியிருக்கும் அமெரிக்கர்கள் டேவிட், மார்க்.

அவர்கள் இருவருக்கும் வாக்குவாதம். சேகர் எனக்குத் தமிழில் சொன்னான்.

"சர்ச் வேற, கவர்மெண்ட் வேறன்னு டேவிட் சொல்றாரும்மா. எங்க சாமியக் கும்புடறவங்கதான் ஆளணும், மத்தவங்க ஒதுங்கி இருக்கட்டும்னு மார்க் சொல்றாரு. எனக்கும் மார்க் சொல்றதுதான் சரின்னு படுது."

பாய் சிரித்தார். "அப்போ பௌர்ணமிக்கு நம்ம மோர்ப்பந்தல நான் போடட்டுமா, ஒதுங்கிக்கட்டுமா சேகரு?"

கிரிவலம் வருகிறவர்களுக்காக இருபத்தெட்டு வருஷமாக அவர்தான் அதைக் கட்டுகிறார்.

"வேற ஆளுக்குச் சொல்லிட்டேன் பாய்."

பாய் பாதி டீயோடு எழுந்து போய்விட்டார். வாதாடிய இருவரும் ஒன்றாகத் தோசை சாப்பிடப் போனார்கள்.

நீங்கள் யாரை மன்னிப்பீர்கள்? மார்க் விசா முடிந்தால் கிளம்பிவிடுவார். இங்கேயே இருக்கப்போகிறவனை நான் மன்னிக்க மாட்டேன். சேகரை.