ஊசி படாத தலையணை

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஊசியும் கிடையாது, நூலும் கிடையாது. அப்போதுதான் பெரிய பங்களாவுக்கு வந்த ஜப்பான் அதிகாரிக்கு நாற்காலியில் வைக்க அலங்காரத் தலையணை வேண்டுமாம்.

மரத்தில் வெட்டிய ரப்பர் பாலை நிறுத்து வாங்கும் ஸ்டோர்காரர்தான் செய்து கொடுத்தார். குட்டை மனிதர், விரலில் காய்ந்த ரப்பர் பாலை உரித்து உருட்டிக்கொண்டேதான் பேசுவார். சரிகைப் புடவைத் துண்டின் ஓரங்களை ரப்பர் பாலாலேயே ஒட்டி, உள்ளே இலவம்பஞ்சைத் திணித்து, வாயையும் ஒட்டிவிட்டார். தையல் ஒன்றுகூட இல்லை. நாற்றம் மட்டும் இருந்தது.

அதிகாரி அமுக்கிப் பார்த்து, “மக்குரா!” என்று பூரித்தான்.

மறுநாளிலிருந்து ஸ்டோர்காரர் அவனைக் கண்டால் இடுப்பு வரை குனிந்து, “மக்குடா!” என்பார். குனிய மறந்தாலே கன்னத்தில் அறை விழும் காலம். அதிகாரியோ பல்லைக் காட்டிக்கொண்டு போவான்.

நான் ஜப்பான் பாஷை வகுப்புக்குப் போனவன். பொறுக்காமல் சொன்னேன்: “அண்ணே, மக்குரான்னா அவன் பாஷையில தலகாணி. அவன் உங்கள மக்குன்னு திட்டலண்ணே.”

அவர் விரலை உரித்தபடியே சொன்னார்: “தெரியும்லா. தலகாணிய விசாரிக்கிறேன்னு அவன் நெனச்சிக்கிட்டு இருக்கான். நீ கெடுத்துடாத தம்பி.”