ரோமல் வீட்டில் நான்

போன வெள்ளிக்கிழமை சவூதியில், அல் கோபாரில் மனைவியோடு காய்கறி வாங்கப் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் சாப்பாட்டுக் கடை. கதவு திறந்ததும் வதக்கிய பூண்டும் பொரித்த கருவாடும் கலந்த வாசனை வெளியே வந்தது. "கருமம், என்ன இப்படி நாறுது?" என்று அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஒரு காலத்தில் எனக்கு அது காலைச் சாப்பாட்டு வாசனை.

ரோமல் வீட்டுக் காலைச் சாப்பாடு. ஜுபைல் தொழிலாளர் கேம்ப்பில் எனக்கு மேல் கட்டில் அவனுக்கு. வெல்டர். குறட்டையைக்கூடச் சுதி தப்பாமல் விடுவான். ஒரு தடவை இரண்டு பேரும் ஒரே சமயத்தில் லீவு கேட்டோம். பிளாண்ட்டை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலை நெருக்கடி. ஒருவரைத்தான் விடுவேன் என்று சூப்பர்வைசர் என் பெயரை எழுதிவிட்டார். "நீ போ, நான் அப்புறம் போறேன்" என்று ரோமலிடம் சொன்னேன். சூப்பர்வைசரிடமும் போய்ப் பெயரை மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். நடக்கவில்லை.

பாதி லீவை ஊரில் கழித்துவிட்டு, மீதியில் எங்காவது மலிவாகச் சுற்றலாம் என்று எனக்கு ஓர் ஆசை. அதைக் கேட்ட ரோமல், "ஓட்டல் எதுக்கு பாய்? என் வீட்டுக்குப் போ. அங்க என் தட்டு சும்மாதான் இருக்கு" என்றான்.

பிலிப்பைன்ஸுக்குப் போனேன். ரோமலின் அம்மா, மனைவி மரிசெல், நாலு வயது மகள் ஜாய். கைக்குழந்தையாக அவளை விட்டுவிட்டு வந்தவன் ரோமல். கருவாட்டை வினிகரில் தொட்டுத் தின்னப் பழகினேன். ஜீப்னி என்ற ஷேர் வண்டியில் சில்லறையை முன்னால் இருப்பவர் கையில் கொடுத்து டிரைவருக்குக் கடத்தப் பழகினேன். பக்கத்து வீட்டில் மைக்கைக் கொடுத்துப் பாடச் சொன்னார்கள்; என் பாட்டுக்குக் கைதட்டிய ஒரே ஊர் அதுதான். என் நிறத்துக்கும் ரப்பர் செருப்புக்கும் சந்தையில் யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளூர்க்காரன் என்றே நினைத்தார்கள் போல; பெருமையாக இருந்தது.

ஒருநாள் சந்தையிலிருந்து வரும்போது ஜாய் என் தோளில் தூங்கிப்போனாள். வீட்டில் மரிசெல் வீடியோ காலில் ரோமலோடு பேசிக்கொண்டிருந்தாள். போனை எங்கள் பக்கம் திருப்பினாள். குழந்தை பாதித் தூக்கத்தில் என் கழுத்தை இறுக்கிக்கொண்டு, "பாப்பா" என்றாள். நம் ஊரில் குழந்தையைச் சொல்லும் சொல். அங்கே அப்பாவை.

ரோமல் சத்தமாகச் சிரித்தான். "டூட்டிக்கு நேரமாச்சு" என்று உடனே போனை வைத்தான். அன்று வார விடுமுறை, அவனுக்கு டூட்டி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

குழந்தையைப் பாயில் கிடத்தினேன். யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அவன் வீட்டில், அவன் தட்டில் சாப்பிட்டு, அவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்தானே.

ஜுபைலுக்குத் திரும்பியதும் ரோமல் அந்தச் சொல்லைப் பற்றிப் பேசவே இல்லை. தன் அம்மா கொடுத்தனுப்பிய பொட்டலத்தைக்கூடப் பிரிக்காமல், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் காட்டி ஒன்றே ஒன்று கேட்டான்.

"ஜாயைத் தூக்கினா எவ்வளவு கனம் இருப்பா?"

"நல்ல கனம்" என்றேன்.

அதற்குப் பிறகும் ஏதேதோ காரணம் சொல்லி அவன் லீவைத் தள்ளிக்கொண்டே போனார்கள். ஒருவழியாக வேலையை விட்டுக் கணக்கு முடித்து அவன் ஊர் போய்ச் சேர்ந்தபோது, ஜாய் விமான நிலைய வாசலில் பள்ளிச் சீருடையில், பாட்டி தோளுக்குமேல் வளர்ந்து, வெட்கத்தோடு கைகுலுக்க நின்றாளாம்.